ரீலோடு பண்ணாமலே மாறும் பக்கம்... லைவ்வியூ எப்படி வேலை செய்கிறது?

ஸ்கோர் தானாக மாறுகிறது, சாட்டில் மெசேஜ் வந்து விழுகிறது. நீங்கள் ரீலோடே பண்ணவில்லை. இதற்கு பிரவுசரில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஆப், சர்வரில் தனியாக ஒரு ஏபிஐ என இரண்டு பக்கமும் கோடு எழுதுவதுதான் வழக்கம். சின்ன டீமுக்கு இது டபுள் வேலை.

கிறிஸ் மெக்கார்ட் 2018-ல் அறிவித்த ஃபீனிக்ஸ் லைவ்வியூ வேறு ரூட் எடுத்தது. முதலில் சர்வரே முழுப் பக்கத்தையும் தயாரித்து அனுப்பிவிடும். அப்புறம் வெப்சாக்கெட் கனெக்‌ஷன் ஒன்று திறந்தே இருக்கும். பட்டனைத் தட்டினால் தகவல் சர்வருக்குப் போகும். மாறிய துண்டு மட்டும் திரும்பி வரும். லைக் 41-லிருந்து 42 ஆனால், கிட்டத்தட்ட அந்த '42' மட்டும்தான். அதைப் பக்கத்தில் பொருத்த ஜாவாஸ்கிரிப்ட் தேவைதான், ஆனால் அது லைவ்வியூவோடயே வந்துவிடும்.

ஒவ்வொரு யூசருக்கும் சர்வரில் தனி பிராசஸ் ஓடுமே, தாங்குமா? இது எழுதப்பட்ட எலிக்ஸிர் மொழி, எர்லாங்கின் மெஷினில் ஓடுகிறது. எர்லாங், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக எரிக்சன் 1980-களில் உருவாக்கியது. ஏராளமான இணைப்புகளை ஒரே நேரத்தில் பிடித்துவைப்பதுதான் அதன் பிறவி வேலை. லைவ்வியூவுக்கு முன்பே, 2015-ல், ஃபீனிக்ஸ் டீம் ஒரே சர்வரில் 20 லட்சம் வெப்சாக்கெட் இணைப்புகளை எட்டிக் காட்டியது.

சிக்கல் நெட்வொர்க்கில்தான். டிரெயினில் சிக்னல் போனால் பட்டனும் செத்துவிடும். சிக்னல் திரும்பினால் பாதி நிரப்பிய ஃபார்மை அதுவே மீட்டுவிடும். ஆனால் ஆஃப்லைனிலும் ஓட வேண்டிய ஆப்பா? இதுல கட்டாதீங்க.