கணுக்காலில் ஒரு கோணக் கணக்கு

ஓடும்போது கால் பிசகிவிடுகிறது. கணுக்கால் வீங்குகிறது. எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கிறார்கள். எலும்பு முறியவில்லை என்கிறது படம். வாரங்கள் பல கடந்தும் வலி போகவில்லை. 'ஓடாமலிருக்க ஒரு சாக்கு' என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். நீங்கள் சொல்வது பொய்யா, படம் சொல்வது பொய்யா?

இரண்டும் பொய்யல்ல. எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களையும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களையும் எக்ஸ்-கதிர் தெளிவாகக் காட்டாது. அவற்றைப் பார்க்க உதவுவது காந்த ஒத்ததிர்வு முறை, அதாவது எம்.ஆர்.ஐ. இம்முறைக்காக 2003-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற லாட்டர்பர் வேதியியலார், மான்ஸ்ஃபீல்ட் இயற்பியலார். இருவரில் மருத்துவர் எவருமில்லை!

நம் உடலில் நீர் மிகுதி, நீரில் ஹைட்ரஜன், அதன் அணுக்கரு ஒரு புரோட்டான். ஒவ்வொரு புரோட்டானும் ஒரு சின்னஞ்சிறு காந்தம். 1.5 டெஸ்லா புலத்தில் (புவியின் புலத்தைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு) காலை வைத்தால், புலத்தின் திசையில் நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றைவிடப் பத்து லட்சத்துக்குச் சுமார் 5 மட்டுமே கூடுதல். அந்த ஐந்தே போதும். 64 மெகா ஹெர்ட்ஸ் ரேடியோ அலையைச் செலுத்தினால் அவை ஒத்ததிர்ந்து, பின்பு தாமே சமிக்ஞை தருகின்றன.

வீக்கத்தில் தேங்கிய நீரின் சமிக்ஞை மெல்லத் தேயும். உரிய முறையில் எடுத்த படத்தில் அது வெளுப்பாகத் தெரியும். தசைநாணில் கொலாஜன் இழைகளோடு ஒட்டிய நீரின் சமிக்ஞையோ விரைவில் மடியும், ஆகவே கறுப்பு. எலும்புக்குள்ளேயே நீர் கோத்திருந்தாலும் தெரியும். எக்ஸ்-கதிர் தவறவிட்ட மயிரிழை விரிசல் இப்படி அகப்படுவதுண்டு.

அப்படியானால் கறுப்புத் தசைநாணில் வெளுப்புத் தெரிந்தால் கிழிசல்தானே? அவசரப்படாதீர்கள்! சமிக்ஞை விரைவில் மடியக் காரணம், அருகருகே உள்ள புரோட்டான்கள் ஒன்றையொன்று தாக்கும் காந்த விசை. அது இழைக்கும் புலத்துக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்தது. 54.7 டிகிரியின் கொசைனை இருமடியாக்கி, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கழித்துப் பாருங்கள். விடை ஏறத்தாழ சுழி! அக்கோணத்தில் தாக்கம் மறைகிறது, சமிக்ஞை நீடிக்கிறது, பழுதில்லாத தசைநாணும் வெளுத்துக் காட்டுகிறது. இதற்கு 'மாயக் கோணம்' என்று பெயர். கணுக்காலின் பக்கவாட்டுத் தசைநாண்கள் எலும்பைச் சுற்றி வளைந்து பாதத்துக்குள் செல்வதால், வழியில் எங்கேனும் இந்தக் கோணத்தைத் தொட்டே தீரும்.

இதைக் கிழிசல் என்று நம்பினால் வீணாக அறுவைச் சிகிச்சை வரை போகக்கூடும். எனவே சமிக்ஞையைச் சற்றுத் தாமதித்துப் பதிவு செய்து பார்க்கிறார்கள். அல்லது பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டச் சொல்லி மறுபடி எடுக்கிறார்கள். வெளுப்பு மறைந்தால் அது கோணத்தின் வேலை. மறையாவிட்டால் கிழிசலைத் தேடவேண்டியதுதான்.