எச்சில் வற்றினால் வரும் வெள்ளை

தாராவித் தோல் பட்டறையிலும் மாதுங்கா ஓட்டல் அடுப்படியிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்குத் தண்ணீர் குடிக்கவே நேரம் கிடைப்பதில்லை. நாக்கில் வெள்ளையாக மாவு படிந்தால் 'உடம்புச் சூடு' என்று சொல்லி, வழித்துப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சில சமயம் அது சூடு அல்ல. ஈஸ்ட் என்னும் காளான்.

பாவ் ரொட்டி மாவைப் பொங்க வைக்கிறதே, அந்த ஈஸ்டுக்கு இது ஒன்றுவிட்ட உறவு. பெயர் கேண்டிடா. ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேர் வாயில் இது குடியிருக்கிறது. தொல்லை தருவதில்லை. காரணம், நாம் அலட்சியமாகத் துப்பும் எச்சில்தான்!

நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர் ஈஸ்டைக் கழுவித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதோடு விடுவதில்லை. அதிலுள்ள லாக்டோபெரின், ஈஸ்டுக்கு வேண்டிய இரும்புச் சத்தைப் பறித்து வைத்துக்கொள்கிறது. எல்லாவற்றிலும் கெட்டிக்காரன் ஹிஸ்டாட்டின். அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் 1988-ல் விவரித்த புரதக் குடும்பம் இது. அதில் ஐந்தாம் எண் கொண்டது வெறும் 24 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி. ஈஸ்டுக்குள் புகுந்து, அதன் சக்திச் சரக்கை வெளியே கசிய வைத்தே கொன்றுவிடும்.

எச்சில் வற்றினால் இந்தக் காவல் போய்விடும். வாய்ப் புற்றுக்காகப் பரேல் டாடா மருத்துவமனை போன்ற இடங்களில் கதிர்வீச்சு பெறுபவர்களுக்குச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டு, மாதக்கணக்கில் வாய் வறண்டு கிடப்பதுண்டு. நீரிழிவுக்காரர்களும், பல் செட்டை இரவிலும் கழற்றாதவர்களும் கவனிக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

ஈஸ்டுக்கு மருந்து உண்டு. நம் பக்கத்துப் புனேயின் பிம்பிரியில், 1954-ல் அமைந்த இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் அரசு நிறுவனமே 'ஹாமைசின்' என்ற காளான் மருந்தைக் கண்டுபிடித்தது. அதைத் தரும் நுண்ணுயிருக்கும் பிம்பிரியின் பெயர்தான்!

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. துடைத்தால் வந்துவிட்டு, அடியில் சிவப்பு தெரிந்தால் பெரும்பாலும் ஈஸ்ட். துடைத்தாலும் வராத வெள்ளைத் திட்டு, அதுவும் புகையிலை அடக்கும் கன்னத்தில் இருந்தால், சங்கதி வேறு. சில சமயம் அது புற்றாக மாறும். வலிக்காது, அதனால்தான் பலர் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் கூலி போனாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சயான் மாநகராட்சி மருத்துவமனைக்குத் தாராவியிலிருந்து நடந்தே போகலாம்; நாயர் பல் மருத்துவமனை மும்பை சென்ட்ரல் பக்கம் இருக்கிறது.