அரங்கத்துக்குள் ஆடும் குழந்தை
மங்கிய வெளிச்சத்தில் படம் பிடிப்பது எப்படி?

பள்ளிக்கூடத்தில் இறகுப்பந்துப் போட்டி. பத்து வயதுச் சிறுமி துள்ளி எழுந்து ஷட்டிலை அடிக்கிறாள். தந்தை காமிராவை அமுக்குகிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் வலை தெளிவாக இருக்கிறது. சுவர் தெளிவாக இருக்கிறது. சிறுமி இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புகை!

பல வீடுகளில் இதே கதைதான். பழி காமிராவின் மேல் விழுகிறது. காமிரா என்ன செய்யும்? வெளிச்சம் குறைந்த இடத்தில் எல்லாம் கிடைத்துவிடாது. எதை விட்டுக் கொடுப்பது, எதை விடக் கூடாது என்பதைப் படம் எடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அரங்கம் ஏன் இருட்டு?

இறகுப்பந்தின் எடை சுமார் 5 கிராம். இலேசான காற்று பட்டாலும் திசை மாறிவிடும். ஆகவே ஜன்னல்களை அடைத்து விடுகிறார்கள். வெள்ளை இறகு கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! அதற்காக ஆடுகளத்தின் பின்சுவருக்குக் கரும்பச்சை போன்ற வண்ணம் பூசுகிறார்கள். ஆட்டத்துக்கு இவை நல்லவை. படத்துக்கு இவையே தொல்லை.

உச்சி வெயிலில் வெட்டவெளியில் விழும் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ். பள்ளி அரங்கில் 300 லக்ஸ் என்பது சாதாரணம். மனிதனின் கண் இந்த வித்தியாசத்துக்குத் தன்னைப் பழக்கிக் கொள்கிறது. காமிராவோ, ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்துச் சமாளிக்கிறது. அங்கேதான் வில்லங்கம்!

ஒரு சின்னக் கணக்கு

ஓடும் சிறுவன் விநாடிக்கு 5 மீட்டர் போகிறான் என்று வைத்துக் கொள்வோம். ஷட்டர் 60-ல் ஒரு பங்கு விநாடி திறந்திருந்தால், அதற்குள் அவன் 8 சென்டிமீட்டர் நகர்ந்து விடுகிறான். முகம் கலைந்து விடுகிறது. 500-ல் ஒரு பங்கு விநாடி என்றால் நகர்வது 1 சென்டிமீட்டர்தான். முகம் முகமாக இருக்கும். மட்டையின் நுனி மட்டும் சற்றே கலையும். அதுவும் ஓர் அழகு!

ஆகவே, முதலில் ஷட்டர் வேகத்தை 500-ல் நிறுத்த வேண்டும். அடுத்து, லென்ஸை முழுவதும் திறந்துவிட வேண்டும். மிச்சக் குறையை ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தி ஈடு கட்ட வேண்டும். 300 லக்ஸ் வெளிச்சத்தில் எப் 2.8 லென்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 3200 தேவைப்படும்.

காமிராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸை நீட்டினால் எப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். உள்ளே வருவது நான்கில் ஒரு பங்கு வெளிச்சமே. ஐ.எஸ்.ஓ. 12,800 வரை போக வேண்டியிருக்கும். ஜூம் இல்லாத 50 மில்லிமீட்டர், எப் 1.8 லென்ஸோ எப் 2.8-ஐ விட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் தரும். விலையும் குறைவு. ஆனால் ஆடுகளத்துக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும்!

ஐ.எஸ்.ஓ.-வை உயர்த்தினால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். தெரியட்டும்! 1954-ல் கோடக் நிறுவனத்தின் 35 மில்லிமீட்டர் 'டிரை-எக்ஸ்' பிலிம் வந்தபோது, பத்திரிகைப் படக்காரர்கள் அந்தப் புள்ளிகளைப் பொறுத்துக் கொண்டுதான் மங்கிய வெளிச்சத்தில் படம் எடுத்தார்கள். இன்று கம்ப்யூட்டர் புள்ளிகளைப் பெரும்பாலும் துடைத்துவிடும். கலைந்துபோன முகத்தை அப்படி மீட்க முடியாது.

'ப்ளாஷ்' வேண்டாம்!

வெளிச்சம் குறைவு என்றால் 'ப்ளாஷ்' போட்டால் என்ன? கூடவே கூடாது. குழந்தை ஷட்டிலை அண்ணாந்து பார்க்கிறது. அந்த நேரத்தில் கண்ணில் பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் ஷட்டில் மறைந்து போகும். ஒரு பாயிண்ட் போய்விடும். ஜிம்னாஸ்டிக்ஸில் ஒடுக்கமான கட்டையின் மேல் நடக்கும் குழந்தையோ, கால் தவறிக் கீழே விழலாம். ஆகவேதான் போட்டிகளில் இதற்குத் தடை போடுகிறார்கள்.

பயனும் அதிகம் இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் 'ப்ளாஷ்' வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இறகுப்பந்து ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர். கோடியில் நிற்கும் குழந்தைக்கு என்ன எட்டும்?

அந்தரத்தில் ஒரு கணம்

துள்ளும் குழந்தை உச்சியை நெருங்கும்போது வேகம் குறைகிறது. அந்தரத்தில் இருக்கும் நேரத்தில் பாதி, துள்ளலின் மேல் கால் பாகத்திலேயே கழிகிறது. அந்தக் கணத்துக்குக் காத்திருந்தால் 250-ல் ஒரு பங்கு விநாடி கூடப் போதும். வெளிச்சம் இரண்டு மடங்கு மிச்சம்!

இன்னொரு சங்கடம் உண்டு. நம் ஊர் மின்சாரத்தில் சில விளக்குகள் விநாடிக்கு 100 தடவை சிமிட்டுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். ஒரு படம் வெளுப்பாகவும், அடுத்தது மங்கலாகவும் விழும். தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்தால் நல்லது ஒன்றாவது தேறும்.

கையில் இருப்பது போன்தான் என்றால் 'இரவு முறை'யை நிறுத்திவிட வேண்டும். அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவது. ஓடும் குழந்தை அதில் நிழலாகிவிடும். ஜூம் செய்யாமல் அருகில் போவதே மேல்.

உட்கார்ந்து எடுக்கலாமே!

பெரியவர்கள் நின்றபடி எடுத்தால் தலையும் தரையும்தான் விழும். தரையில் உட்கார்ந்தால் குழந்தையின் கண் எதிரே வரும். ஜெயித்த முகத்தோடு, தோற்றுவிட்டு உதட்டைக் கடித்து நிற்கும் முகமும் படமாகட்டும். பின்னாளில் அதற்கும் மதிப்பு உண்டு. பிறர் வீட்டுக் குழந்தைகளை எடுப்பதானால் பெற்றோரின் சம்மதம் கேட்க வேண்டும். கேட்காமல் ஊரறியப் பரப்புவது தவறு.

போட்டி அடுத்த ஆண்டும் வரும். பத்து வயது மறுபடி வராது. படம் புள்ளியாக இருந்தாலும் இருக்கட்டும். குழந்தையின் முகம் அதில் இருக்க வேண்டும்.