ஒரு ஃபெரட்டின் பூர்வீகம்

அவசரகாலத்தில் (1948–1960) மலாயாச் சாலைகளில் ஓடிய கவச வண்டிகளுள் ஃபெரட்டும் ஒன்று. இங்கிலாந்தின் டெய்ம்லர் நிறுவனம் 1952 முதல் 1971 வரை 4,409 வண்டிகளைச் செய்தது.

நண்பர்களே, பழைய ஃபெரட்டைக் கண்டால் மேல்சாயத்தை நம்பாதீர்கள்! கைமாறும்போதெல்லாம் புதிதாகப் பூசிவிடுவார்கள். மெல்லத் தேய்த்தால் அடியில் பழைய இராணுவப் பதிவெண் தெரியலாம். உள்ளே அறைந்த தகட்டில் சட்ட எண் இருக்கும். பதிவெண் கிடைத்தால் பிரிட்டிஷ் பதிவு அட்டையைத் தேடலாம். வண்டி எந்தப் படைப்பிரிவில், எப்போது இருந்தது என்பது அதில்தான் உண்டு.

மலாயாப் படைக்கு மாறிய வண்டியென்றால் அந்த அட்டை அதோடு நின்றுவிடும். பிறகு நம் நாட்டுப் படங்களே துணை, 1960-இல் ஐ.நா. பணிக்குக் காங்கோ சென்ற மலாயா சிறப்புப் படையிடமும் ஃபெரட்டுகள் இருந்தன.

எந்தத் தோட்டத்து வழியே வண்டி போனது என்று எந்த அட்டையும் சொல்லாது. கெப்பாலா பத்தாஸில் என் தாத்தா சொல்வார். அவருக்கு வயது 87. ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டேன்.