தனுஷ்கோடியில் எடுத்த படங்கள்

பாழடைந்த கட்டடங்களைத் தேடிச் சென்று படம் பிடிப்பது இக்காலத்து இளைஞர்களுக்குப் பெரும் விருப்பமாகிவிட்டது. கூரை இழந்த பங்களா, பூட்டிக் கிடக்கும் ஆலை, ரயில் வராத நிலையம், ஆளரவமற்ற சத்திரம் என்று எங்கே எது கிடந்தாலும் கைப்பேசியோடு அங்கே போய் நிற்கின்றனர். "வேறு வேலை இல்லையா?" என்று பெரியோர் கடிந்துகொள்வதும் உண்டு. நாமும் அவ்வாறு கடிந்தவரே. ஆயினும், நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் இருவரின் அழைப்பை ஏற்று, சென்ற தை மாதத்தில் ஒருநாள் தனுஷ்கோடிக்குச் சென்று வந்தபின் நம் எண்ணம் மாறிற்று. அதனை வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இவ்விருப்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டிலே கோல்மன்ஸ்கோப் என்றொரு சிற்றூர் உண்டு. 1908-ல் அங்கே வைரம் கிடைத்தது. ஜெர்மானியர் வந்து குடியேறி மாளிகைகளும் மருத்துவமனையும் கட்டினர். வைரம் குறைந்தது, மக்களும் ஒவ்வொருவராக வெளியேறினர். 1956-க்குள் ஊர் காலியாயிற்று. இன்று அவ்வீடுகளின் கூடங்களிலே பாலைவன மணல் இடுப்பளவு குவிந்து கிடக்கிறது. அதைப் படம் எடுப்பதற்கென்றே வெளிநாடுகளிலிருந்து மக்கள் வருகின்றனர். கருநாடகத்தில் ஹாசன் நகருக்கு அருகே செட்டிஹள்ளி என்னும் இடத்தில் பிரெஞ்சுக் குருக்கள் எழுப்பிய செபமாலை ஆலயம் இருக்கிறது. ஹேமாவதி ஆற்றில் அணை கட்டப்பட்டபின் மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கும். நீர் வற்றியதும் வெளிப்படும். அங்கும் படம் எடுப்போர் கூட்டத்துக்குக் குறைவில்லை.

நம் தமிழகத்தில் அத்தகைய இடம் தனுஷ்கோடி.

ஒரே இரவில் அழிந்த ஊர்

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது முதல் தனுஷ்கோடி செழித்தது. சென்னை எழும்பூரில் புறப்பட்ட 'போட் மெயில்' வண்டி பாலத்தைக் கடந்து தனுஷ்கோடித் துறைமுகம் வரை சென்றது. பயணிகள் அங்கே நீராவிக் கப்பலில் ஏறித் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் ரயில் ஏறிக் கொழும்பு செல்வர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் தாய்நாட்டு மண்ணைக் கடைசியாக மிதித்த இடம் அதுவே. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், ஆலயம் என ஒரு சிறு பட்டணத்துக்கு வேண்டியவை யாவும் அங்கிருந்தன.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் பெரும்புயல் கரையைக் கடந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இன்னும் மூன்றே நாட்கள் இருந்தன. பாம்பனிலிருந்து சென்ற 653-ஆம் எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில் பேரலைக்கு இரையாயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இந்தியாவிலும் இலங்கையிலுமாக ஏறத்தாழ 1,800 பேர் அப்புயலில் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் சீர்செய்து தந்தார். எனினும் தனுஷ்கோடிக்கு ரயில் மீண்டும் செல்லவில்லை. மக்கள் வாழத் தகுதியற்ற இடமென்று அரசு அவ்வூரை அறிவித்தது.

நெடுங்காலம் மணலிலும் கடல்நீரிலும் வேன்களில் தட்டுத்தடுமாறியே அங்கே செல்ல வேண்டியிருந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதன்பின் சுற்றுலாக் கூட்டம் பெருகிவிட்டது.

"அங்கேதான் பூசை வைப்பாரு"

காலை ஏழு மணிக்கெல்லாம் நாம் ஆலயத்தின் முன் இருந்தோம். ஒரு புறம் அமைதியான கடல். அதைப் 'பெண்கடல்' என்கின்றனர். மறுபுறம் இரைச்சலிடும் 'ஆண்கடல்'. இரண்டுக்கும் நடுவே, மணற்பரப்பில், கூரையின்றி நின்றது ஆலயம். பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சுவர்கள் அவை. சாய்ந்து விழும் இளவெயிலில் கல்லின் ஒவ்வொரு துளையும் தெளிவாகத் தெரிந்தது. "உச்சி வெயிலில் எடுத்தால் எல்லாம் வெளுத்துவிடும், அதனால்தான் காலையிலேயே புறப்படச் சொன்னேன்" என்றார் மூத்த இளைஞர்.

இளையவர் பீடம் இருந்த மேடைமீது ஏறினார். ஒரு காலைச் சுவரில் ஊன்றி, கறுப்புக் கண்ணாடி அணிந்து, படத்துக்கு நின்றார். அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"தம்பி, கொஞ்சம் இறங்கி நில்லுய்யா. அங்கேதான் சாமியார் பூசை வைப்பாரு."

திரும்பிப் பார்த்தோம். சிப்பி மாலை விற்கும் ஒரு மூதாட்டி. வயது எழுபதைக் கடந்திருக்கும். இளைஞர் நாணிக் கீழே இறங்கினார்.

"பாட்டி, நீங்க இந்த ஊரா?"

"இந்த ஊருதான். இந்தக் கோயில்லதான் புது நன்மை வாங்குனேன்."

அவர் சொல்லச் சொல்லக் கேட்டு நின்றோம். அவருடைய தந்தை ரயில் நிலையத்தில் மூட்டை சுமப்பவர். அந்த டிசம்பரில் தாய், பேறுகாலத்துக்காகத் தங்கச்சிமடத்தில் பாட்டி வீட்டுக்குச் சென்றிருந்தார். சிறுமியையும் உடன் அழைத்துப் போயிருந்தார். தந்தையும் அண்ணனும் கோயிலில் குடில் கட்டுவதற்காக இங்கேயே தங்கிவிட்டனர். புயலுக்குப் பின் இருவரின் உடலும் கிடைக்கவில்லை.

"கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லறைக்குப் போவாங்க. எங்களுக்குக் கல்லறை எங்கே இருக்கு? நான் இங்கே வந்துதான் மெழுகுவத்தி ஏத்துவேன். காத்து அணைச்சிரும். மறுபடி ஏத்துவேன்."

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் மூத்த இளைஞர், "பாட்டி, பூசை நேரத்துல உங்க அப்பா எங்கே நிப்பாரு?" என்று மெல்லக் கேட்டார். மூதாட்டி தயங்காமல் நடந்து சென்று பக்கவாசல் ஓரத்தில் நின்றார். "வேலையிலேருந்து நேரா வருவாரு. சட்டையெல்லாம் கரியா இருக்கும். அதனால உள்ளே வராம இங்கேயே நிப்பாரு." அவ்விடத்தை அவரோடு சேர்த்துப் படம் எடுத்தார் இளைஞர்.

"எனக்கு ஒண்ணு தருவியா? அப்பா படம் எங்கிட்ட ஒண்ணும் இல்லே. அவரு நின்ன இடமாவது இருக்கட்டும்" என்றார் மூதாட்டி.

அதன்பின் அவர் முன்னே நடக்க நாம் பின்தொடர்ந்தோம். நாம் வெறுங்கற்குவியல் என்று கடந்து வந்தவற்றுக்கெல்லாம் அவரிடம் பெயர் இருந்தது. இங்கே பள்ளிக்கூடம், இங்கே கடிதம் போடும் இடம், இங்கே வடை விற்கும் அம்மாளின் வீடு. இளைஞர்கள் படமும் எடுத்தனர், குறிப்பும் எழுதினர்.

படம் எடுக்கச் செல்வோருக்கு

அன்று நாம் கற்றவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலாவது, சுவர்களில் சாயவோ ஏறவோ வேண்டாம். கடல்நீர் கல்லுக்குள் ஊறிக் காயும்போது உப்பு படிகமாகத் திரண்டு கல்லை உள்ளிருந்தே உடைக்கிறது. வெளியே உறுதியாகத் தோன்றும் சுவர் உள்ளே பொடியாகியிருக்கக்கூடும். இரண்டாவது, ஒரு கல்லையும் நினைவுப்பொருளாக எடுத்துவர வேண்டாம். பவளப்பாறைகளை வெட்டி எடுப்பது இன்று சட்டப்படி குற்றம். ஆகவே அச்சுவரில் குறைந்த கல்லுக்கு மாற்றுக் கல் கிடையாது. மூன்றாவது, தனியாருக்குரிய கட்டடமாயின் உரியவரிடம் கேட்டே உள்ளே செல்ல வேண்டும்; தனியாகச் செல்லலாகாது.

எடுக்கும் முறையும் உண்டு. முதலில் கட்டடம் முழுவதையும் நான்கு பக்கங்களிலிருந்தும் எடுக்க வேண்டும். பிறகே வாசல், சாளரம், பீடம் என ஒவ்வொன்றாக நெருங்க வேண்டும். அளவு தெரிவதற்காக ஒரு படத்திலாவது ஓர் ஆளையோ கோலையோ அருகே நிறுத்துவது நலம். நாளையும் திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்விடத்தில் வாழ்ந்தவர் எவரேனும் இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும். அழிந்த ஊர் என்று நாம் எண்ணிச் செல்லும் தனுஷ்கோடியில் இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசைகளில் வாழ்கின்றன. அவர்களைக் கேளாமல் எடுக்கும் படத்தில் கல் மட்டுமே இருக்கும்.

பதினைந்து நாட்களுக்குப்பின் அவ்விளைஞர்கள் படங்களை அச்சிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தனர். மூதாட்டி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு படத்தின் பின்னால் இளைஞர்கள் எழுதியிருந்த பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, "அது இல்லே, அதுக்கு அடுத்த வீடு" என்று திருத்தினாராம்.

அன்பு வாசகர்களே, நம் ஒவ்வொரு பங்கிலும் அத்தகைய கட்டடம் ஒன்றேனும் இருக்கும். ஓடு சரிந்த பழைய பள்ளிக்கூடமாக இருக்கலாம். உபதேசியார் குடியிருந்த வீடாக இருக்கலாம். புதிய ஆலயம் எழும்பியதும் கைவிடப்பட்ட சிற்றாலயமாகவும் இருக்கலாம். அதன் நிலைப்படியைத் தாண்டி ஓடிய பிள்ளைகள் இன்று பாட்டன் பாட்டிகளாய் நம் வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்திருக்கின்றனர். வரும் விடுமுறையில் உங்கள் பிள்ளைகள் கைப்பேசியோடு புறப்படும்போது அவர்களையும் உடன் அனுப்புங்கள். எடுத்த படங்களை அச்சிட்டு, அவர்கள் சொல்லும் பெயர்களைப் பின்புறத்தில் எழுதிவையுங்கள். மெல்லிய பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை நாளடைவில் ஊறி முன்பக்கம் வந்துவிடும்.