நல்ல நூலகரிடம் வாசகர் எதிர்பார்ப்பது என்ன?

நூலகம் என்றதும் கட்டடமும் நூல்களின் எண்ணிக்கையுமே நமது நினைவுக்கு வருகின்றன. புதிய நூலகமொன்று திறந்து வைக்கப்படும் வேளையில் மேடையில் பேசப்படுபவையும் அவையே. ஆயினும், நாள்தோறும் நூலகத்தை நாடிச் செல்லும் வாசகர், பல வேளைகளில் அங்கு பணியாற்றும் நூலகரைக் கொண்டே அதனை மதிப்பிடுகின்றார்.

வாசகர் முதலாவதாக மதிப்பது, தமது கேள்வியைப் பொறுமையுடன் செவிமடுக்கும் பண்பையாகும். வாசகர் கேட்பதும் அவருக்கு உண்மையில் தேவைப்படுவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. உதாரணமாக, உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் இலங்கை முஸ்லிம்களின் வரலாற்று நூல் வேண்டும் எனக் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். வரலாற்று அலுமாரியைச் சுட்டிக்காட்டுவதுடன் கடமை முடிந்தது என்று கருதும் நூலகரும் உளர். நல்ல நூலகரோ, எதற்காகத் தேடுகின்றீர்கள் என இரண்டொரு வினாக்களைத் தொடுப்பார். அறிஞர் சித்திலெப்பை 1882 இல் ஆரம்பித்த 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை பற்றிக் கட்டுரை எழுதவே அம்மாணவி வந்துள்ளார் என்பது அப்போதுதான் தெரியவரும். அதற்கு இதழியல், கல்வி ஆகிய பகுதிகளையும் தேடவேண்டும். அவரது நாவலான 'அசன்பே சரித்திரம்' பற்றிய ஆய்வுகள் இலக்கியப் பகுதியில் இருக்கக்கூடும். இத்தொடர்புகளை அறிந்து வழிகாட்டுவதே நூலகரின் புலமையாகும்.

இரண்டாவது, நேரத்தின் அருமையை உணர்தல். நூலகவியலறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதாகும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திட்டமிடுவதற்கு ஆலோசனை வழங்கியவரும் அவரே. தொலைவிலிருந்து பஸ் ஏறி வருபவருக்கும், அரை நாள் விடுமுறையில் வரும் தொழிலாளிக்கும் இவ்விதியின் பொருள் நன்கு புரியும்.

மூன்றாவது, பாகுபாடின்மையும் இரகசியம் பேணுதலும் ஆகும். நோய் பற்றியோ, விவாகரத்துச் சட்டம் பற்றியோ நூல் தேடுபவரின் தேவை அடுத்த மேசைக்குக் கேட்கலாகாது. பேராசிரியருக்குக் கிடைக்கும் மரியாதை பாடசாலைச் சிறுவனுக்கும் கிடைத்தல் வேண்டும்.

இன்று கைத்தொலைபேசியில் எல்லாம் கிடைக்கின்றபோது நூலகர் எதற்கு என வினவப்படலாம். தகவல் பெருகப் பெருக, நம்பத்தக்கதைப் பிரித்தறிவது கடினமாகின்றது. அதற்குத் துணைபுரியும் பயிற்சி பெற்றவரின் தேவை இதனால் கூடியிருக்கின்றதே தவிரக் குறையவில்லை.

1933 இல் கே. எம். செல்லப்பா தமது இல்லத்திலேயே நூல்களை வாசகருக்கு வழங்கத் தொடங்கிய முயற்சியே யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. வாசகரின் தேவையை உணர்ந்த ஒரு மனிதர் முன்வந்தார். கட்டடம் பின்னர் எழுந்தது. 1981 இல் சுமார் 97,000 நூல்களுடன் அக்கட்டடம் எரியூட்டப்பட்டது. பின்னர் கட்டடம் புனரமைக்கப்பட்டது. நூல்களும் மீண்டும் சேர்க்கப்பட்டன. ஆனால், எந்த வாசகருக்கு எந்த நூல் உதவும் என்ற அனுபவ அறிவை விலைகொடுத்து வாங்க இயலாது. அது ஆண்டுக்கணக்கில் ஒருவரிடம் விளைவது.

எனவே, நூல் கொள்வனவுக்கு நிதி ஒதுக்கும் உள்ளூராட்சி மன்றங்கள் நூலகர்களின் பயிற்சிக்கும் உரிய இடமளித்தல் வேண்டும். நூலகரை வெறுமனே திறப்பைக் காப்பவராகக் கருதும் வரை, அலுமாரியிலுள்ள நூல்களுட் பல தமது வாசகரைச் சென்றடையப் போவதில்லை.