உக்குவளையில் ஒரு நாள்: மரம் நடுபவருக்குக் காணி உறுதி வேண்டும்

மாத்தளை என்றதும் நம்மில் பலருக்கு முத்துமாரியம்மன் கோயில் தேர் நினைவுக்கு வரும். அலுவிகாரைக் குகைகளும், வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்களும் நினைவுக்கு வரும். கண்டியிலிருந்து ஏ-9 வீதியால் வருகிறவர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுத் தம்புள்ளைப் பக்கம் போய்விடுகிறார்கள். நகருக்குத் தெற்கே, வத்துகாமத்துக்குப் போகும் வீதியில், சில கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் உக்குவளையில் இறங்கிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

இறங்கினால் உடனே கையைக் காட்டிப் பார்க்கச் சொல்ல ஒன்றும் இல்லைதான். சிறிய கடைவீதி. ஒரு ரயில் நிலையம். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே கடையில் சாமான் வாங்கி, ஒரே பஸ்ஸில் ஏறும் ஊர். ஆனால் காணியை இழந்து, புதிய இடத்தில் மீண்டும் மண்வெட்டி பிடிக்க வேண்டிய நிலையில் இருக்கும் நமக்கு, இந்தச் சிற்றூர் ஒரு பாடசாலை. மொரகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக ஊரை விட்டவர்களும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையிலும் மண்சரிவிலும் வீட்டையும் தோட்டத்தையும் இழந்தவர்களும், 1977, 1983 வன்செயல்களால் மலையை விட்டுப் போன குடும்பங்களின் பிள்ளைகளும் இதை வாசிக்கிறீர்கள். உங்களை மனதில் வைத்தே இந்த ஊரைச் சுற்றி வந்தேன்.

நகரின் நிழலில் வளர்ந்த ஊர்

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் இறந்தவர்கள் ஏராளம். 1869இல் தொடங்கிய இலை நோய் கோப்பியை அழித்தது. அதன் பின் இந்தப் பகுதியில் கொக்கோவும் தேயிலையும் இறப்பரும் வந்தன. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. அந்தப் பாதையில் மாத்தளைக்கு முன்னால் உள்ள நிலையங்களில் ஒன்று உக்குவளை.

பயிர்கள் மாறின, முதலாளிமார் மாறினார்கள். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992இல் பல தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இத்தனை மாற்றத்திலும் மாறாத ஒன்று, தோட்டத்தில் உழைத்தவரின் பெயர் காணிப் பத்திரத்தில் ஏறாததுதான்.

மலைக்குள்ளால் வரும் ஆறு

உக்குவளையில் பார்க்க வேண்டிய முதல் விடயம் நீர். கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலி கங்கையை மறித்து ஓர் அணைக்கட்டு உண்டு. அங்கிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் மலையைக் குடைந்து வருகிறது. அந்தச் சுரங்கத்தின் நீர் உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு வெளியே வருகிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய இந்நிலையத்தின் கொள்திறன் ஏறத்தாழ 40 மெகாவாற்.

வெளியே வந்த நீர் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையைச் சேர்ந்து, போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு இன்னொரு சுரங்கத்தால் கலாவெவப் பக்கம் போகிறது. மறு பங்கு அம்பன் கங்கையோடு இறங்கி, இப்போது மொரகஹகந்தவில் தேங்கி, எலஹெர வழியாக மின்னேரியா, கந்தளாய் முதலிய குளங்களை நோக்கிப் போகிறது. கிழக்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்க வேண்டிய மகாவலி நீர் வடக்கே திரும்பி, உலர் வலயத்து வயல்களில் நெல்லாக விளைகிறது.

மின்நிலையத்துக்குக் கீழே சுது கங்கைக் கரையில் நின்றபோது என் மனதில் எழுந்த எண்ணம் இதுதான். எந்த வாய்க்காலுக்கு எப்போது எவ்வளவு நீர் என்று இந்த நீருக்கு எழுத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. நீருக்காக நகர்த்தப்பட்ட மனிதருக்கும், மழையால் துரத்தப்பட்ட மனிதருக்கும் அதுபோல எழுத்தில் ஒரு கணக்கு இருக்க வேண்டாமா?

இரண்டு தோட்டங்கள்

உக்குவளையிலிருந்து எல்கடுவைப் பக்கம் மலையேறும் வழியில் இரண்டு விதமான தோட்டங்களைக் காணலாம்.

ஒன்று கிராமத்து வீட்டுத் தோட்டம். வெளியே இருந்து பார்த்தால் காடு போலத் தெரியும். உள்ளே போனால் ஒவ்வொரு மரமும் ஒரு காரணத்தோடு நிற்பது விளங்கும். உயரத்தில் பலாவும் தென்னையும் கித்துளும் கமுகும். அதற்குக் கீழே கராம்பும் சாதிக்காயும். அதற்கும் கீழே கோப்பி, கொக்கோ, வாழை. நிலத்தில் இஞ்சி, மஞ்சள், வள்ளிக் கிழங்கு. கிளிரிசிடியா மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஒரே மண்ணில் மூன்று நான்கு அடுக்காக விளைச்சல். மழை நேரே மண்ணில் அடிக்காதபடி இலைகள் தாங்கிக்கொள்கின்றன. பல வகை வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. மிளகு விலை விழுந்த வருடத்தில் கமுகு கைகொடுக்கும், அரிசி இல்லாத நாளில் பலாக்காய் சோறு போடும். அரை ஏக்கரை வைத்துக்கொண்டு, குடும்பத்தில் ஒருவர் மாத்தளையில் வேலைக்குப் போக, மற்றவர்கள் மரத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். நகரின் ஓரத்தில் இருந்தும் விவசாயியாக இருப்பதை அவர்கள் விடவில்லை.

மற்றது லயன் வீட்டுத் தோட்டம். லயனின் பின்பக்கத்தில் சில அடி நிலம். அதில் மிளகாய், கத்தரி, கீரை, கொஞ்சம் மரவள்ளி. பராமரிப்பில் குறையே இல்லை. ஒவ்வொரு பாத்தியும் கை படிந்து மினுங்குகிறது. ஆனால் ஒரு மரம்கூட இல்லை.

ஏன் மரம் வைக்கவில்லை என்று அங்கிருந்த ஒரு வயதான தாயிடம் கேட்டேன். அவர் சிரித்தார். “சாமி, கராம்பு வச்சா காய்க்க ஏழு வருசம் போகும். அதுவரைக்கும் இந்தத் துண்டு நம்ம கையில இருக்கும்னு யாரு சொல்லுறது? கீரைன்னா ஒரு மாசத்துல பிடுங்கலாம்” என்றார்.

இரண்டு தோட்டங்களுக்கும் இடையில் நடந்து போகும் தூரம்தான். மண் ஒன்று, மழை ஒன்று. உழைப்பிலும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ஒரு கடதாசியில் இருக்கிறது. மிளகு மூன்றாம் வருடத்தில் காய்க்கத் தொடங்கும். கராம்புக்கு ஆறு முதல் எட்டு வருடம் வேண்டும். பலாவை நட்டவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்பார்கள். ஒரு குடும்பம் எந்த மரத்தை நடுகிறது என்று பாருங்கள், அந்தக் குடும்பம் அந்த நிலத்தில் எத்தனை வருடம் இருக்கலாம் என நம்புகிறது என்பது தெரிந்துவிடும்.

‘தோட்டத்து ஆட்களுக்கு விவசாயம் தெரியாது’, ‘இடம்பெயர்ந்தவர்களுக்கு நிவாரணம் வாங்கத்தான் தெரியும்’ என்று சொல்வோர் உண்டு. அது பொய். உரிமை இல்லாத நிலத்தில் நீண்டகாலப் பயிர் வைக்காமல் இருப்பது அறியாமை அல்ல, அனுபவம் கற்றுக்கொடுத்த புத்தி. 2015க்குப் பின் தோட்ட வீடமைப்பில் 7 பேர்ச் காணி வழங்கும் திட்டம் வந்தது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதை நினைத்தால் அது மிகச் சிறிய துண்டு. ஆயினும், உறுதியோடு கிடைத்தால் ஒரு மரம் நட அது போதும்.

எரேமியா வாங்கிய வயல்

வேதாகமத்தில் எரேமியா ஆகமம் 32ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமைப் பகைவர் முற்றுகையிட்டிருக்கிறார்கள். நாடு விழப்போகிறது, மக்கள் சிறைப்பட்டுப் போகப் போகிறார்கள். அந்த நேரத்தில் காவலில் இருந்த எரேமியா, ஆனதோத்து ஊரில் ஒரு வயலை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்குகிறார். வெறும் வாய்ப்பேச்சில் வாங்கவில்லை. பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிகளை வைத்து, வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். பின் அந்தப் பத்திரங்கள் நெடுங்காலம் இருக்கும்படி மண்பானையில் வைக்கச் சொல்லிப் பாரூக்கிடம் கொடுக்கிறார். மக்கள் ஒருநாள் திரும்பி வருவார்கள், மீண்டும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்குவார்கள் என்பதே அதன் அடையாளம்.

இறைவாக்கினரின் நம்பிக்கை வானத்தைப் பார்த்து நிற்கவில்லை. அது உறுதிப் பத்திரத்தில் இறங்கியது. இடம்பெயர்ந்தவருக்கு ஜெபமும் வேண்டும், பானைக்குள் பத்திரமும் வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, ஊரை விடும் முன்னும், விட்ட பின்னும் கணக்கெழுதுங்கள். வீடு, கிணறு, ஒவ்வொரு மரமும், அதன் வயதும். கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் பெறுங்கள். பிரதிகளை இரண்டு இடங்களில் வையுங்கள். வெள்ளத்தில் பத்திரம் போனவர்கள் பொலிஸில் முறைப்பாடு எழுதி, காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள்.

இரண்டாவது, பொதுத் தேவைக்காகக் காணி எடுக்கப்பட்டால், 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின்படி வரும் அறிவித்தலில் குறித்த திகதிக்குள் உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். உறுதி இல்லாதவரும் ஒதுங்கி நிற்க வேண்டாம். கட்டாய மீள்குடியேற்றம் பற்றி 2001இல் அமைச்சரவை ஏற்ற தேசியக் கொள்கை, உரிமைப் பத்திரம் இல்லாதவரையும் நியாயமாக நடத்த வேண்டும் என்கிறது. அது சட்டம் அல்ல. ஆனால் அதிகாரியின் முன் பேசும்போது பிடித்துக்கொள்ளக் கூடிய ஊன்றுகோல்.

மூன்றாவது, புதிய இடத்தில் கையில் தந்திருப்பது என்ன பத்திரம் என்று கேளுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அனுமதிப் பத்திரம் ஒன்று, அளிப்புப் பத்திரம் வேறு, முழு உறுதி வேறு. அனுமதிப் பத்திரக் காணியைத் தனியார் காணி போல நினைத்தபடி விற்க முடியாது. உங்களுக்குப் பின் யாருக்கு என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு இப்போதே பதியுங்கள். மூத்த மகனுக்கு முதலிடம் கொடுத்த பழைய முறை 2022இல் திருத்தப்பட்டுவிட்டது. பெண்பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்.

நான்காவது, உறுதி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். கிளிரிசிடியாத் தடிகளை முதலில் நடுங்கள். வேலியும் ஆகும், இலை பசளையும் ஆகும், பின்னர் மிளகு ஏறவும் உதவும். 8 அடிக்கு ஒன்றாக வைத்தால் 10 பேர்ச்சில் ஏறத்தாழ 40 கொடி ஏற்றலாம். இடையில் வாழையும் இஞ்சியும் வையுங்கள். பச்சை மிளகு 3 கிலோ காய்ந்தால் ஏறத்தாழ 1 கிலோதான் வரும். ஆகவே பச்சையாகக் கொடுக்கும் முன் இரண்டு விலையையும் கணக்குப் பாருங்கள். கன்றுகள் பற்றியும் உதவித் திட்டங்கள் பற்றியும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தில் விசாரியுங்கள். அதன் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது.

ஐந்தாவது, தனியே போகாதீர்கள். ஒரு குடும்பம் கந்தோருக்குப் போனால் ‘நாளை வாருங்கள்’ என்ற பதில் கிடைக்கும். இருபது குடும்பம் ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டுப் போனால் அந்தக் கடிதத்துக்குக் கோவை இலக்கம் கிடைக்கும். அந்த இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

லயனில் கண்ட தாயிடம் விடைபெறும்போது, உறுதி கிடைத்தால் முதலில் எதை நடுவீர்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “பலா” என்றார்.